பயணம் புறப்படுமுன் ஒரு நாட்டின் நிலைமையை எடைபோடுவது எப்படி

கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்கு வர எண்ணுபவர்கள் உறவினரிடம் முதலில் கேட்பது "நாடு இப்ப எப்படி?" என்பதுதான். இங்கிருந்து சென்னைக்கோ காத்மாண்டுவுக்கோ பாங்கொக்குக்கோ புறப்படுபவர்கள் அதே கேள்வியைப் பயண முகவரிடம் கேட்கிறார்கள். இரு தரப்பினருக்கும் பெரும்பாலும் கிடைப்பது "பிரச்சினை ஒன்றும் இல்லை" என்ற ஒற்றை வரிப் பதில். சொல்பவர் பொய் சொல்வதில்லை. அன்று காலை தன் வீதியில் கண்டதைச் சொல்கிறார். ஆனால் வீதி அமைதியாக இருக்கும் நாட்டில் அரசு நிலைகுலைந்திருக்கலாம். வீதியில் நாள்தோறும் ஊர்வலம் போகும் நாட்டில் அலுவலகங்களும் நீதிமன்றங்களும் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒரு பயணியின் நாளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆட்சியின் இயக்கமே. பணம் மாற்ற முடியுமா, வாகனத்துக்கு எரிபொருள் கிடைக்குமா, நேற்றிருந்த விசா விதி அடுத்த மாதமும் இருக்குமா, தவறாகப் பிடிபட்டால் முறையிட ஓர் இடம் இருக்குமா என்பவற்றை வீட்டிலிருந்தபடியே ஓரளவு கண்டறிய முடியும். அதற்கான வழிகளை, பெரும்பாலும் எங்கள் நாடான இலங்கையில் நடந்தவற்றையே சான்றாக வைத்து, இங்கே எழுதுகிறேன்.

பணத்தையும் எரிபொருளையும் முதலில் பாருங்கள்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த அரசாங்க எதிர்ப்புப் போராட்டம் உலகத் தொலைக்காட்சிகள் அனைத்திலும் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் அப்படியான பெருங்கூட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் இங்கு வந்திருந்த பயணியின் நாள் கொழும்பில் இருந்தவருடையதைப் போலவே குலைந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு அன்றி வேறு எவருக்கும் எரிபொருள் விற்கப்படமாட்டாது என்று அரசாங்கம் இரண்டு வாரத் தடை விதித்தது. அதன் பின்னர் வந்த, கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் பங்கீட்டு முறையில் தொடக்கத்தில் வாராந்தம் கிடைத்தது மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர், காருக்கும் வானுக்கும் 20 லீற்றர். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கும் உறவினரை அழைத்துவர யாழ்ப்பாணத்திலிருந்து வான் ஒன்றை அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் வான், தன் முழு வார ஒதுக்கீட்டையும் செலவழித்தால் அனுராதபுரத்தை எட்டியிருக்கும். விமான நிலையம் அதற்குப் பிறகும் பல மணி நேரத் தூரம். திரும்பிவருவதோ வேறு கதை. அந்த மாதங்களில் ஊருக்கு வந்தவர்களுக்கு "நாட்டின் நிலைமை" என்பதன் பொருள் அதுவாகத்தான் இருந்தது.

இந்த நிலை ஒரே இரவில் வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டிலேயே பால்மாவுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசைகள் தொடங்கிவிட்டன. வெளிநாட்டு நாணயக் கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது. வங்கியில் டொலருக்குக் கொடுத்த விலைக்கும் வெளியே கொடுத்த விலைக்கும் இடையே இடைவெளி விரிந்துகொண்டே போனது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவில் கட்டிவைக்கப்பட்டிருந்த டொலரின் பெறுமதி தளர்த்தப்பட்டதும், மே மாதத்தில் அது 360 ரூபாவை அண்மித்தது. ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

எனவே எந்த நாட்டுக்குப் போவதாக இருந்தாலும், வங்கி விலையும் வெளிச்சந்தை விலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் அங்கே அரசாங்கம் சொல்லும் விலையை மக்கள் நம்பவில்லை என்று பொருள். அத்தகைய நாட்டில் வங்கி அட்டையை மட்டும் நம்பிப் போகக் கூடாது. இறக்குமதித் தடைகள், எரிபொருள் வரிசை, மருந்துத் தட்டுப்பாடு ஆகியன அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை. அங்கே இருப்பவரிடம் பொதுவாக "நிலைமை எப்படி?" என்று கேட்பதை விட்டு, பெற்றோல் செட்டில் வரிசை நிற்கிறதா, வங்கி இயந்திரத்தில் காசு வருகிறதா, மின்சாரம் எத்தனை மணிக்கு நிற்கிறது, நீரிழிவு மாத்திரை மருந்துக் கடையில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள். இத்தகைய கேள்விகளுக்கு ஒருவரும் ஒற்றை வரியில் பதில் சொல்லமாட்டார்கள். தினமும் மருந்து எடுப்பவர்கள் பயண நாட்களுக்கு மேலாக ஒரு மாத மருந்தையாவது வைத்திய சீட்டுடன் கையில் கொண்டுபோக வேண்டும்.

மேலிடத்துப் பிணக்கு வீதிக்கூட்டத்தைவிட முக்கியமானது

2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கை பயண உலகின் செல்லப்பிள்ளையாக இருந்தது. அவ்வாண்டில் வந்த சுற்றுலாப் பயணிகள் 23 இலட்சத்துக்கும் மேல். அதே மாதம் 26ஆம் திகதி ஜனாதிபதி பிரதமரை நீக்கி வேறொருவரை நியமித்தார். நீக்கப்பட்டவர் பதவியை விட மறுத்தார். ஏழு வாரங்களுக்கு மேலாக நாட்டில் பிரதமர் யார் என்பதே வழக்காக இருந்தது. டிசம்பரில் நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின் பழைய பிரதமர் திரும்பி வந்தார். கடைகள் திறந்திருந்தன, பஸ்கள் ஓடின, கடற்கரைகள் நிறைந்திருந்தன. பயணி எவரும் அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார்.

ஆனால் அந்தப் பிணக்கு ஆறவில்லை. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே பேச்சில்லாத நிலையில், பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. 2019 ஏப்ரலில் வரவிருந்த தாக்குதல் பற்றி இந்தியாவிலிருந்து முன்கூட்டியே கிடைத்த எச்சரிக்கை அலுவலகங்களுக்குள் சுற்றிக்கொண்டிருந்ததே தவிர, தேவாலயங்களையும் விடுதிகளையும் காக்கும் நடவடிக்கையாக மாறவில்லை. ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பல நாட்டுப் பயணிகளும் இருந்தனர். கடமை தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் பொறுப்பாளிகள் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இந்தத் தொடரை மறக்கக் கூடாது என்று நான் நினைக்கிறேன், ஏனெனில் இங்கே நாங்கள் ஆபத்தைச் சோதனைச் சாவடிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளந்து பழகியவர்கள். 2019இல் ஆபத்து கொழும்பின் அதிகாரக் கதிரைகளுக்கு இடையே இருந்தது.

இதை வேறு நாடுகளுக்குப் பொருத்திப் பார்ப்பது கடினமில்லை. போகும் நாட்டில் அரசுத் தலைவரும் அரசாங்கத் தலைவரும் ஒத்துப்போகிறார்களா, தேர்தல் முடிவைத் தோற்றவர் ஏற்றுக்கொண்டாரா, இராணுவத் தளபதி அண்மையில் மாற்றப்பட்டாரா, நீதிமன்றத் தீர்ப்பை அரசாங்கம் நிறைவேற்றுகிறதா என்பவற்றை அந்நாட்டுச் செய்தித்தாள்களின் ஆங்கிலப் பதிப்புகளில் கடந்த மூன்று மாதங்களுக்குப் பின்னோக்கிப் படியுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும். தொலைக்காட்சியில் எரியும் வாகனங்களைப் பார்ப்பதைவிட இது கூடுதலாகச் சொல்லும்.

கூட்டத்தை அலட்சியம் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. பசுபதிநாதர் கோயிலையும் முக்திநாத்தையும் தரிசிக்க எங்கள் ஊர்களிலிருந்து பலர் நேபாளத்துக்குப் போகிறார்கள். 2025 செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டன. 8ஆம் திகதி இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். மறுநாளே பிரதமர் பதவி விலகினார், பாராளுமன்றக் கட்டடம் எரிந்தது, காத்மாண்டு விமான நிலையம் மூடப்பட்டது. மறுநாள் விமான நிலையம் திறந்தது. அதே வாரத்துக்குள் இடைக்காலப் பிரதமர் பதவியேற்றார். அங்கிருந்த யாத்திரிகர் செய்ய வேண்டியிருந்தது விடுதியை விட்டு நகராமல் ஓரிரு நாட்கள் பொறுத்திருப்பதே. தாய்லாந்தில் 2008 நவம்பர் இறுதியில் போராட்டக்காரர்கள் பாங்கொக்கின் சுவர்ணபூமி விமான நிலையத்தையே கைப்பற்றியபோது, ஒரு வாரத்துக்கு மேலாக இலட்சக்கணக்கான பயணிகள் வெளியேற முடியாமல் தவித்தார்கள். அவர்கள்மீது எவருக்கும் பகையில்லை. கூட்டம் பயணியைத் தேடி வருவதில்லை. அது போய் நிற்கும் இடங்கள்தான் பாராளுமன்றம், பிரதமர் இல்லம், பிரதான சந்தி, விமான நிலைய வீதி. அவற்றுக்கு அருகில் தங்காமல் இருப்பதும், விமான நிலையத்துக்குப் போக இரண்டாவது வீதி ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பதும் எளிய பாதுகாப்புகள்.

விதிகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன?

நல்லாட்சி உள்ள நாட்டில் விதி மாறும்; ஆனால் மாறப்போவது முன்கூட்டித் தெரியும். இந்த ஒன்றில் எங்கள் நாட்டின் பதிவு நல்லதல்ல. 2014 ஒக்டோபரில், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வடக்குக்கு வரப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்ற விதி திடீரென மீண்டும் கொண்டுவரப்பட்டது. அதே மாதம்தான் யாழ்தேவி ரயில் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் யாழ்ப்பாணம் வந்தது. பயணச்சீட்டும் லீவும் எடுத்துக்கொண்டு தாய் தகப்பனைப் பார்க்க வந்தவர்கள், ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறக்கப்பட்டு, அனுமதிக் கடிதம் இல்லையென்றால் திரும்ப வேண்டியிருந்தது. ஆட்சி மாறியதும் 2015 ஜனவரியில் அந்த விதி நீக்கப்பட்டது.

2024இல் விசாவே தடுமாறியது. இணையவழி நுழைவு அனுமதி வழங்கும் பணி ஏப்ரலில் ஒரு தனியார் கூட்டமைப்புக்கு மாற்றப்பட்டது. கட்டணம் குறித்தும் ஒப்பந்தம் குறித்தும் எழுந்த எதிர்ப்பு நீதிமன்றம் வரை போய், ஓகஸ்ட் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பழைய முறை திரும்பிவரச் செப்டம்பர் இறுதியாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்கள் எந்த இணையத்தளத்தில் பணம் கட்டுவது என்று தெரியாமல் கட்டுநாயக்காவில் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

இன்னும் சிறிய, உள்ளூர் விதிகளும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இராணுவ உயர் பாதுகாப்பு வலயத்தினூடாக வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில் மூன்று தசாப்தங்களுக்கு மேலான காலத்தின் பின் மக்களுக்குத் திறக்கப்பட்டபோது, பகல் நேரத்தில் மட்டும் போகலாம், இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்ற நிபந்தனைகள் கூடவே வந்தன. பிறந்த வீட்டுக் காணி வேலிக்கு அப்பால் தெரிந்தாலும் இறங்கிப் படம் எடுக்க முடியாதிருந்தது. பிள்ளைகளுக்கு இத்தகைய நிபந்தனைகளை வாகனத்தில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவைக்க வேண்டும்; கைத்தொலைபேசியை யன்னலுக்கு வெளியே நீட்டிய பிறகு சொல்லிப் பயனில்லை. ட்ரோன் கருவியை அனுமதியின்றி எங்கேயும் பறக்கவிடாதீர்கள்.

ஆகவே விசா விதியை மூன்று முறை பாருங்கள்: பயணச்சீட்டு வாங்குமுன், புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, புறப்படும் நாளுக்கு முன்தினம். பார்ப்பது அந்த நாட்டின் குடிவரவுத் திணைக்கள இணையத்தளத்தில் மட்டும். முகவர் அனுப்பும் வட்ஸ்அப் படம் ஆறு மாதப் பழையதாக இருக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தியத் துணைத் தூதரகம் 2010 முதல் இங்கேயே இருப்பதால், சந்தேகத்தை நேரில் கேட்டுத் தீர்க்கும் வசதி இருக்கிறது. கடவுச்சீட்டையும் கடைசி மாதம்வரை விட்டுவைக்காதீர்கள். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்களே போதாமல் பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்தின் முன் மக்கள் இரவிரவாக வரிசையில் நின்றதை நாடே பார்த்தது.

எச்சரிக்கை அறிவித்தலும் காப்புறுதியும்

கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா ஆகியவை ஒவ்வொரு நாட்டுக்கும் பயண அறிவுறுத்தல் வெளியிடுகின்றன. கனடாவினது நான்கு படிகள்: வழக்கமான அவதானம், அதிக அவதானம், அவசியமற்ற பயணத்தைத் தவிர்த்தல், எல்லாப் பயணத்தையும் தவிர்த்தல். மூன்றாம் படியைத் தொட்ட பின் புறப்பட்டால் பல காப்புறுதி ஒப்பந்தங்கள் செல்லுபடியாகாமல் போகும். பிரித்தானிய அறிவுறுத்தலுக்கு எதிராகப் பயணித்தாலும் இதே விளைவுதான். நீங்கள் இறங்கிய பின்னர் படி உயர்ந்தால் என்னவாகும் என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள், ஏனெனில் அது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். "போர், உள்நாட்டுக் கலவரம்" ஆகியவற்றை விலக்கும் வாசகம் அநேகமாக எல்லா ஒப்பந்தங்களிலும் இருக்கும். பலர் காப்புறுதியை மருத்துவச் செலவுக்காக மட்டும் பார்க்கிறார்கள். கலவரத்தால் விமானம் நின்றுபோனால் விடுதிச் செலவு யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த அறிவுறுத்தல்கள் சில வேளைகளில் மிகை எச்சரிக்கையாக இருக்கும். ஆனாலும் காப்புறுதிக்கு அவையே அளவுகோல்.

உங்கள் சொந்த நிலை என்ன?

புலம்பெயர்ந்து வாழ்பவர்கள் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இதுதான், பலர் பார்க்காமல் விடுவதும் இதுதான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் இலங்கைக்குள் வரும்போது இலங்கைக் குடிமகனாகவே நடத்தப்படலாம். அப்போது கனேடிய அல்லது பிரித்தானியத் தூதரகம் அவருக்காகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் கைதுசெய்யப்பட்டால், தன் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின்படி அவருக்கு உண்டு. கேட்டால்தான் அது நடக்கும். புகலிடம் பெற்று இன்னும் குடியுரிமை பெறாதவர்கள், தப்பி வந்த நாட்டுக்கே திரும்பிப் போனால், புகலிடத் தகுதியையே இழக்க நேரிடலாம். மரண வீடாக இருந்தாலும், புறப்படுமுன் அங்குள்ள சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

இலங்கையின் 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைத் தடுப்புக்காவல் உத்தரவில் வைத்திருக்கக்கூடிய உச்சக் காலம், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் 18 மாதங்களாக இருந்து, அதன் பின் 12 மாதங்களானது. 2014இல் 16 அமைப்புகளும் 400க்கு மேற்பட்ட தனிநபர்களும் பயங்கரவாதத் தொடர்பு உள்ளதாகக் கூறி அரசாங்க வர்த்தமானியில் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2015இல் பல பெயர்கள் நீக்கப்பட்டு, 2021இல் அவற்றுள் பல மீண்டும் சேர்க்கப்பட்டன. வெளிநாட்டில் ஒரு நினைவேந்தலிலோ ஊர்ச்சங்கக் கூட்டத்திலோ பொறுப்பில் இருந்தவர்கள் புதிய பட்டியலைப் படித்துவிட்டே வர வேண்டும். தனி மனிதரின் நிரபராதித் தன்மையைவிட அந்த மாதத்து அரசியல் கூடுதலாகப் பேசும் சட்டம் இது என்பது என் கருத்து.

நீதிமன்றம் இயங்குவதன் பெறுமதியும் இதே நாட்டில் தெரிந்திருக்கிறது. கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் 2014 ஏப்ரலில் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. தவறு நடந்த பிறகும் கேட்க ஓர் இடம் இருக்கும் நாட்டுக்கும், இல்லாத நாட்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. மியன்மாரின் மியாவதிப் பகுதியில், 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பின், அரசின் கை எட்டாத இணைய மோசடி முகாம்களில் இலங்கை இளைஞர்கள் பலர் சிக்கினார்கள். அவர்களில் பலர் தாய்லாந்தில் வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் புறப்பட்டவர்கள். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவர் எவரானாலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து விசாரித்த பின்பே கடவுச்சீட்டைக் கையில் கொடுங்கள்.

வழியும் தங்கலும்

போகும் நாடும் புறப்படும் நாடும் அமைதியாக இருந்தாலும் இடைவழி மூடப்படலாம். எங்கள் உறவினர் பெரும்பாலும் டோகா, துபாய், அபுதாபி வழியாகவே வருகிறார்கள். 2025 ஜூன் 23ஆம் திகதி கட்டார் தன் வான்பரப்பைச் சில மணி நேரம் மூடியதும் நடுவானில் விமானங்கள் திரும்பின, அடுத்த நாட்களின் இணைப்புகளும் குலைந்தன. கலியாணத்துக்கு வருபவர்கள் முகூர்த்தத்துக்கு முன்தினம் இறங்குவதாகச் சீட்டு எடுக்கக் கூடாது. இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். முழுப் பயணத்தையும் ஒரே பதிவில் எடுத்தால், இணைப்புத் தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. தனித்தனியாக எடுத்தால் உங்களுடையது. பலாலி–சென்னை விமானசேவை 2019 நவம்பரில் தொடங்கி 2020 மார்ச்சில் நின்று 2022 டிசம்பரில்தான் திரும்பியது. காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல் 2023 ஒக்டோபரில் சில நாட்களே ஓடி, அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் மீண்டும் தொடங்கியது. இவற்றை நம்பிப் போகலாம், ஆனால் கொழும்பு வழியாகத் திரும்புவதற்கான பணம் கையில் இருக்க வேண்டும்.

இறங்கிய பின், விமானச் சீட்டு, கடவுச்சீட்டின் படப்பிரதி, விசா, விடுதி முகவரி ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்திருங்கள். 2019 தாக்குதலுக்குப் பின்னும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் இங்கே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஊரடங்கு வேளைகளில் கடவுச்சீட்டையும் விமானச் சீட்டையும் காட்டினால் விமான நிலையத்துக்குப் போக விட்டிருக்கிறார்கள், ஆனால் சாவடியில் நிற்பவருக்கு அணைந்த தொலைபேசியைக் காட்ட முடியாது. வடக்கில் ஹர்த்தால் அறிவிக்கப்பட்டால் கடைகள் பூட்டியிருக்கும், தனியார் பஸ் ஓடாது. அது மக்களின் எதிர்ப்பு, பயணிமீதான பகையல்ல. முன்தினமே சாப்பாட்டுக்கும் வாகனத்துக்கும் ஏற்பாடு செய்துகொண்டு அன்று வீட்டிலிருப்பதே மரியாதையும்கூட. அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

விமானம் நின்று விசாக் காலம் முடியப்போகிறதென்றால், முடியும் திகதிக்கு முன்பே குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். 2022 பெப்ரவரி இறுதியில் போர் தொடங்கியபோது இங்கிருந்த உக்ரேனிய, ரஷ்யப் பயணிகளின் விசாவை இலங்கை கட்டணமின்றி நீடித்தது. ஆனால் எல்லா நாடும் தானாகவே அப்படிச் செய்யும் என்று எண்ணியிருக்க முடியாது. விமான நிறுவனத்திடமிருந்து சேவை நிறுத்தப்பட்டதை உறுதிசெய்யும் கடிதம் ஒன்றைப் பெறுங்கள், விண்ணப்பம் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை அதனுடன் இணைத்து வையுங்கள். வெளியேறும் கருமபீடத்தில் தண்டப்பணம் கேட்கப்பட்டால் காட்ட வேண்டியவை அந்த இரண்டு தாள்களும்தான். பின்னர் காப்புறுதி நிறுவனம் கேட்கப்போவதும் அவற்றையே.